அழுக்கேறிய பேஸ்பால் கேப் தொப்பியை வடிவம் கெடாமல் வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி?

சட்டையைத் துவைப்பதுபோல் கேப்பைத் துவைக்க முடியாது. சட்டை கசங்கினால் இஸ்திரி போட்டுக்கொள்ளலாம். பேஸ்பால் கேப்பில் இஸ்திரிப் பெட்டி போகாத இடம்தான் அதிகம்: முன்பக்கத் துண்டுகளுக்குப் பின்னால் விறைப்பான வலைத்துணி, வெயிலை மறைக்க முன்னால் நீளும் விளிம்புக்குள் ஒரு தகடு, சுற்றிலும் வியர்வையை உறிஞ்சும் உள்பட்டை. இந்த மூன்றில் எது நைந்தாலும் கேப் தலையில் சரியாக உட்காராது.

எங்கள் பகுதி லாண்டரி ஒன்றில் கொடுத்த என் கருநீலக் கேப் திரும்பி வந்தபோது அழுக்கு போயிருந்தது. கூடவே முன்பக்க விறைப்பும் போய், விளிம்பின் நடுவே ஒரு மடிப்புக்கோடு விழுந்திருந்தது. "துணின்னா கொஞ்சம் அப்படித்தான் சார் ஆகும்" என்றார்கள். அதன் பிறகு எந்தக் கேப்பையும் நான் வெளியே கொடுப்பதில்லை. வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கை வேலை அரைமணி நேரத்துக்கு மேல் இல்லை, காய்வதற்குத்தான் பொறுமை வேண்டும்.

1. முதலில் லேபிளைப் படியுங்கள்

உள்பட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினால் சின்னத் துணி லேபிள் ஒன்று கிடைக்கும். கேப்புக்கு அதுதான் ஆவணம். என்ன நூல் என்பது அதில் எழுதியிருக்கும். பருத்தி, பாலியெஸ்டர், கம்பளி, அல்லது இவற்றின் கலவை. பக்கத்தில் குறிகள் இருக்கும்:

தொட்டிக்குள் கை இருந்தால் கையால் துவைக்கலாம். தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரில் முக்கக் கூடாது. முக்கோணம் பிளீச்சைக் குறிக்கும், அதன் மேல் பெருக்கல் இருந்தால் பிளீச் கூடாது. சதுரத்துக்குள் வட்டம் போட்டு அடித்திருந்தால் டிரையரில் போடக் கூடாது. தொட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் 30 டிகிரி வரை, இரண்டு புள்ளி என்றால் 40 டிகிரி வரை.

லேபிளே இல்லையா? நடைபாதைக் கடையில் வாங்கியதும் கம்பெனிக் கூட்டத்தில் இலவசமாகக் கொடுத்ததும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதை மிக மென்மையான துணியாகவே நினைத்து நடத்துங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் கேப் என்றால் கம்பளியா என்று கட்டாயம் பாருங்கள். கம்பளி சூடான தண்ணீரும் தேய்ப்பும் சேர்ந்தால் சுருங்கிக் கெட்டியாகிவிடும், பிறகு இழுத்தாலும் பழைய அளவு வராது. பின்னால் பட்டன் வைத்த கேப்பாக இருந்தாலாவது ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். தலை அளவுக்கே தைத்த கேப் சுருங்கினால் அதோடு சரி.

2. விளிம்புக்குள் இருப்பது அட்டையா, பிளாஸ்டிக்கா?

இப்போது வரும் கேப்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் தகடுதான். பழைய கேப்களிலும் மிக மலிவானவற்றிலும் அட்டை இருக்கும். அட்டை நனைந்தால் ஊறி, பிதுங்கி, காயும்போது கோணிக்கொள்ளும்.

விளிம்பின் ஓரத்தை இரு கைகளாலும் பிடித்து மெல்ல வளைத்து விடுங்கள். சட்டென்று பழைய நிலைக்குத் துள்ளி வந்தால் பிளாஸ்டிக். வளைத்த இடத்தில் சோம்பலாக நின்றாலோ, சுண்டும்போது அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் மந்தமான சத்தம் கேட்டாலோ அட்டையாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் அட்டை என்றே வைத்துக்கொண்டு விளிம்பை நனைக்காதீர்கள்.

3. சாயம் போகிறதா என்று ஒரு நிமிடச் சோதனை

வெள்ளைத் துணி ஒன்றைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கேப்பின் உட்புறத் தையல் ஓரத்தில் ஒரு நிமிடம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தக் கேப்பை ஊறவைக்கவே கூடாது. சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய நிறங்களில் வெள்ளை எம்பிராய்டரி எழுத்து இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். சாயம் இறங்கி எழுத்துக்குள் ஏறினால் வெளுப்பது பெரும்பாடு.

4. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

பெரும்பாலும் வீட்டில் இருப்பதே போதும். பாத்திரம் கழுவும் திரவம், ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் ஷாம்பூ பாக்கெட், மென்மையான பழைய டூத் பிரஷ், வெள்ளைத் துணிகள் இரண்டு, ஒரு துண்டு, தலை அளவுக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம். கம்பளிக் கேப் என்றால் மட்டும் ஸ்வெட்டர் துவைக்க விற்கும் ஈஸி போன்ற திரவம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கறை நீக்கும் என்சைம் சேர்த்த சலவைத்தூளைக் கம்பளியில் போடாதீர்கள். அந்த என்சைம் புரதத்தைத் தின்னும், கம்பளியும் புரதம்தான்.

புதிதாக வாங்க வேண்டியிருந்தாலும் பருத்திக் கேப்புக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் செலவாகக் காரணம் இல்லை. கேப் கழுவுவதற்கென்று பிளாஸ்டிக் கூண்டு விற்கிறார்கள். மெஷினில் அடிபடாமல் காக்கும் என்பது உண்மை, ஆனால் ஒன்றிரண்டு கேப் வைத்திருப்பவருக்குத் தேவையில்லாத செலவு.

நேரம்தான் கணக்குப் பார்க்க வேண்டியது. ஈரப்பதம் அதிகமுள்ள சென்னை மாதிரி ஊரில் முழுக்க நனைத்த கேப் ஃபேன் அடியிலேயே ஓர் இரவு எடுக்கும், மழைக்காலத்தில் ஒரு முழு நாள். நாளைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்றால் இன்று மாலை ஆரம்பிக்காதீர்கள். காலையில் தொடங்குவதே நல்லது. அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: சித்திரை வைகாசியில் மதியத்துக்குப் பிறகு மாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். கம்பளிக்கும் சாயம் போகும் துணிக்கும் அது ஆகாது. தொட்டியின் தண்ணீர் சுடுவதற்குள் பக்கெட்டில் பிடித்து வைத்துவிடுங்கள்.

5. தண்ணீர் படும் முன் உலர்ந்த தூசியை எடுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். தூசி மேல் தண்ணீர் விழுந்தால் சேறு, சேறு நூலுக்குள் இறங்கும். கேப்பைத் தலைகீழாகப் பிடித்து நாலு தட்டுத் தட்டி, உலர்ந்த பிரஷ்ஷால் தையல் வரிகளில் ஒரே திசையில் தேயுங்கள். உச்சியில் இருக்கும் பட்டனைச் சுற்றியும், விளிம்பு தலைப்பகுதியோடு சேரும் மடிப்பிலும் நிறைய அடைந்திருக்கும்.

உள்பட்டையை வெளியே திருப்பிப் பாருங்கள். நெற்றி படும் இடத்தில் நம் ஊர்க் கேப்களுக்கே உரிய கறைகள் இருக்கும். விபூதி வெறும் சாம்பல், தட்டினால் உதிரும். குங்குமத்தை அப்படி விடாதீர்கள். உலர்ந்த நிலையில் எவ்வளவு உதிர்க்க முடியுமோ அவ்வளவையும் உதிர்த்துவிட வேண்டும். ஈரம் பட்டால் அது சிவப்பாகப் பரவி, பட்டையைத் தாண்டி முன்பக்கத் துணி வரை ஊறும். செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் தூள் நன்றாக வரும்.

6. உள்பட்டை: முக்கால்வாசி வேலை இங்கேதான்

கேப் நாறுவதற்கும் நிறம் மங்குவதற்கும் காரணம் பட்டையில் தேங்கும் வியர்வை உப்பும், தோல் எண்ணெயும், தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெயும்தான். தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பாக இருக்கும், பழுப்பேறியிருக்கும். எண்ணெய் வெறும் தண்ணீரைத் தள்ளிவிடும். அதனால் தண்ணீருக்கு முன் பாத்திரம் கழுவும் திரவத்தை நேரடியாகப் பட்டையில் ஐந்தாறு சொட்டு விட்டு, விரலால் சுற்றிலும் தடவுங்கள். உலர்ந்த பட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும். கால் மணி நேரம் விடுங்கள்.

பிறகு டூத் பிரஷ்ஷை லேசாக நனைத்து, பட்டையை மட்டும் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயுங்கள். வட்டமாக வேண்டாம், முன்னும் பின்னுமாகப் போதும். சில நொடிகளில் நுரை பழுப்பாக மாறும். அந்த நுரையை ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி இரண்டு சொட்டு விட்டுத் தேயுங்கள். நுரை வெள்ளையாக வரும்வரை தொடருங்கள். பிரஷ்ஷில் தண்ணீர் சொட்டக் கூடாது, சொட்டினால் அழுக்கு நுரை முன்பக்க வலைத்துணிக்குள் இறங்கிவிடும்.

தேங்காய் எண்ணெய் அதிகம் தேய்ப்பவர்கள் உச்சியின் உள்பக்கத்தையும் பாருங்கள். அங்கே வட்டமாக எண்ணெய்த் தடம் இருக்கும். அதற்கும் இதே முறைதான்.

பல கேப்புகளுக்கு இந்த இடத்தோடு வேலை முடிந்துவிடும். வெளிப்பக்கம் பார்க்கச் சுமாராக இருந்தால் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துக் காயப்போட்டுவிடுங்கள். தேவையில்லாமல் நனைக்கும் ஒவ்வொரு முறையும் விறைப்பில் கொஞ்சம் குறையும்.

7. வெளிப்பக்கம்: முக்குவதா, துடைப்பதா?

முக்கலாம்: சாயம் போகாத, பிளாஸ்டிக் விளிம்பு வைத்த பருத்தி, பாலியெஸ்டர் கேப்கள்.
துடைக்க மட்டும்: அட்டை விளிம்பு, கம்பளி, சாயம் போகும் துணி, விளிம்பில் தோல் அல்லது ஸ்வேட் (மெத்தென்ற தோல்) ஒட்டியது. யாரிடமாவது கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் கேப் என்றால் கையெழுத்துப் பக்கம் ஈரத்துணிகூட வேண்டாம்.

முக்குவதென்றால் ஒரு சின்ன வாளியில் சாதாரணத் தண்ணீர் விட்டு, ஒரு ஷாம்பூ பாக்கெட்டோ ஒரு ஸ்பூன் சலவைத் திரவமோ கலக்குங்கள். கேப்பை மல்லாக்க விடுங்கள், அதாவது கிண்ணம்போல் வாய் மேலே பார்க்கட்டும். மேலே கல், கல்லுக்குப் பதில் பாத்திரம் என்று எதையும் பாரம் வைக்காதீர்கள், முன்பக்கம் அமுங்கும். 15 நிமிடம் போதும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் வலைத்துணியில் இருக்கும் விறைப்புப் பசை கரையும், அப்புறம் முன்பக்கம் வெறும் துணியாகச் சரியும். ஊறியபின் மென்மையாக அழுத்தி அழுத்தி விடுங்கள். எம்பிராய்டரி மேல் பிரஷ் போடாதீர்கள், நூல் பிசிறிவிடும். அங்கே விரல் நுனி போதும்.

துடைப்பதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. வெள்ளையாக உப்புக்கோடு தெரிகிறது என்று அந்தக் கோட்டை மட்டும் ஈரத்துணியால் துடைப்போம். காய்ந்ததும் பார்த்தால் அரை விரல் தள்ளி புதுக்கோடு ஒன்று நிற்கும். தண்ணீர் உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஈரம் முடியும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. அதனால் கறையை மட்டும் துடைக்காமல், அந்தத் துண்டு முழுவதையும் ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை ஒரே சீராக ஈரமாக்கி, உலர்ந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். துணியை மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை செய்தால் உப்பு போய்விடும். உப்புக்குச் சோப்பே தேவையில்லை.

8. அலசுவதும் பிழியாமல் இருப்பதும்

போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கவனம். கட்டிச் சோப்பு போட்டால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து வழவழவென்று சாம்பல் நிறப் படிவம் உண்டாகும். கறுப்புக் கேப்பில் அது பளிச்சென்று தெரியும். அதனால்தான் மேலே எங்கும் கட்டிச் சோப்பைச் சொல்லவில்லை. முதல் இரண்டு அலசலைப் போர்வெல் தண்ணீரில் செய்து, கடைசி அலசலுக்கு மட்டும் கார்ப்பரேஷன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஒரு சொம்பு ஒதுக்குங்கள். நுரை முழுக்கப் போக வேண்டும். மிச்சமிருக்கும் சோப்பு அடுத்த வெயிலில் வியர்வையோடு சேர்ந்து நெற்றியில் அரிக்கும்.

பிழியவே கூடாது. கேப்பைத் துண்டுக்குள் வைத்து, இன்னொரு முனையை உள்ளே திணித்து, இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்துங்கள். துண்டு குடிக்கிற தண்ணீரைக் குடிக்கட்டும்.

9. காயவைக்கும்போதுதான் வடிவம் முடிவாகிறது

தலை அளவுள்ள எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டு, கேப்பை மாட்டுங்கள். துணி எதற்கு என்றால், எவ்வளவு கழுவினாலும் சாம்பார் பாத்திரத்தின் விளிம்பில் மஞ்சள் கொஞ்சம் தங்கியிருக்கும். ஈரக் கேப் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். கேப்பின் முன்பக்கம் தொளதொளவென்று நின்றால் உள்ளே இன்னொரு துணியைச் சுருட்டி வைத்து எழுப்புங்கள். செய்தித்தாளைத் திணிக்காதீர்கள், மை ஒட்டும்.

விளிம்புக்கு வளைவு வேண்டுமானால் ஒரு டம்ளரை அடியில் வைத்து, விளிம்பின்மேல் துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். ரப்பர் பேண்ட், துணிக் கிளிப் இரண்டும் தடம் பதிக்கும். தட்டையாக வேண்டுமென்றால் எதுவும் செய்ய வேண்டாம்.

இடம்: நிழல், காற்று, முடிந்தால் ஃபேன் நேர் கீழே. மொட்டை மாடி வெயிலில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், உண்மைதான். ஆனால் நிறக் கேப்பில் வெயில் பட்ட பக்கம் ஒரு நிறம், படாத பக்கம் ஒரு நிறம் ஆகிவிடும். வெள்ளைக் கேப்புக்கு மட்டும் வெயில் பரவாயில்லை. ஆணியில் மாட்டாதீர்கள், ஈரத் துணியின் எடையில் அந்த இடம் கூம்பாகப் புடைத்துக்கொள்ளும். ஹேர் டிரையர் பயன்படுத்துவதாக இருந்தால் குளிர்ந்த காற்றில் மட்டும். சூட்டில் விளிம்புத் தகடு கோணும்.

வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், உள்பட்டை இன்னும் ஈரமாக இருக்கும். பட்டையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி தெரிந்தால் காயவில்லை. அந்த நிலையில் அலமாரிக்குள் வைத்தால் ஐப்பசி மழையில் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வரும்.

10. விறைப்பு ஏற்கெனவே போயிருந்தால்

கடையில் விற்கும் கஞ்சிப் பவுடரைத் தண்ணீராகக் கரைத்து, முன்பக்கத்தின் உள்புறத்தில் மட்டும் ஸ்பாஞ்சால் ஒற்றி, பாத்திரத்தின்மேல் வைத்துக் காயவிடுங்கள். பழையபடி ஆகாது, ஆனால் நிமிர்ந்து நிற்கும். சோற்றுக்கஞ்சியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கறுப்புத் துணியில் வெள்ளையாகப் பொருக்கு விடும், அலமாரியில் கரப்பானை அழைக்கும். லேசான சுருக்கத்துக்கு நீராவி போதும்: கொதிக்கும் கெட்டிலுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, துணி இளகியதும் கையால் வடிவம் கொடுங்கள். விளிம்பை ஆவியில் காட்டாதீர்கள்.

பிடிவாதக் கறைகளும், வீடியோக்களில் சொல்வதும்

மஞ்சள், சந்தனம்: மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம், காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். அலசினால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சளின் நிறத்துக்கு வெயில் எதிரி, வெள்ளைக் கேப் என்றால் அந்த இடத்தை மட்டும் வெயில் படும்படி வையுங்கள், மெல்ல மங்கும்.

சன்ஸ்க்ரீன்: பட்டையில் துரு நிறத்தில் கறை தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். சில சன்ஸ்க்ரீன்களில் இருக்கும் அவோபென்சோன், இரும்புச் சத்துள்ள போர்வெல் தண்ணீரோடு சேர்ந்தால் இந்த நிறம் வரும். இதற்கு பிளீச் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறு தடவிக் கொஞ்ச நேரம் விட்டு அலசிப் பாருங்கள். நிறத் துணியில் ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

தலைமுடி டை: போகாது. உள்பக்கம்தானே, விட்டுவிடுங்கள்.

குளோரின் பிளீச்சை எந்தக் கேப்புக்கும் நான் தொடுவதில்லை. நிறத்தை வெளுக்கும், கம்பளியைக் கரைத்தே விடும். அதோடு வினிகரைக் கலந்தால் விஷ வாயு வரும், குளியலறை மாதிரி மூடிய இடத்தில் அது விளையாட்டில்லை. வெள்ளைப் பருத்திக் கேப்புக்கு வெளுப்பு வேண்டுமென்றால் வேனிஷ் மாதிரி ஆக்ஸிஜன் வகைத் தூள் போதும்.

ஆப்பசோடாவும் வினிகரும் கலந்து பொங்க வைப்பது பார்க்க அழகாக இருக்கும். ஒன்றையொன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். பாத்திரம் கழுவும் மெஷினில் வைக்கச் சொல்வதையும் நம்பாதீர்கள். அதன் சூட்டில் விளிம்பு நெளியும், அதற்கான தூள் பலவற்றில் பிளீச் இருக்கும். சொட்டு நீலம் தையல் ஓரங்களில் தேங்கித் திட்டுத் திட்டாக நிற்கும்.

அடிக்கடி துவைக்காமல் இருக்க

வெயிலில் போட்டு வந்ததும் பட்டையை ஈரத்துணியால் ஒரு சுற்றுத் துடைத்து, திருப்பி வைத்துக் காற்றாட விடுங்கள். கார் டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள். தினமும் நடைக்கோ மைதானத்துக்கோ போகிறவர்கள் பழைய பனியன் துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, உள்பட்டையின்மேல் பெரிய தையலாக நாலைந்து இடத்தில் பிடித்துவைத்துக்கொள்ளலாம். வியர்வையும் எண்ணெயும் குங்குமமும் அதோடு நிற்கும். வாரம் ஒருமுறை பிரித்து மற்றத் துணிகளோடு துவைக்கப் போட்டுவிட்டு வேறொன்றைத் தைத்துக்கொள்ளுங்கள். ஊசியை முன்பக்கத் துணி வரை விடாமல் பட்டையோடு நிறுத்தினால் வெளியே தையல் தெரியாது.